மூன்றாவது அருவி வரைக்கும் ஒரு அக்கா

“யாரு அக்கா? சொல்லுங்க, யாரு அக்கா? பதினோரு வருஷமா ‘வாங்க அக்கா, உக்காருங்க அக்கா, சாப்பிட்டீங்களா அக்கா’ன்னு வாய் தேயக் கூப்பிட்டிருக்கேன். இந்தத் தாள்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க!”

“மெதுவாப் பேசு மின்ஜா. எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் சுன்டொக்.

“பாக்கட்டும்! பஸ்ல இருக்கிற நாப்பத்திரண்டு பேரும் பாக்கட்டும். நான் மாட்டு வருஷம். இவங்க புலி வருஷமாம்! புலி! என்னைவிட ஒரு வருஷம் சின்னவ! கேப்டன், மைக்கை இப்படிக் கொடுங்க.”

பேருந்து தேகு நகரத்தைத் தாண்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே அக்டோபர் கடைசி வாரத்து மூடுபனி. ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் அறுத்து முடித்த நெல்வயல்கள் பாலில் ஊறிக் கிடந்தன. உள்ளே எல்லோர் மடியிலும் சூடான அரிசிக் கேக் பொட்டலம், ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு கமலா ஆரஞ்சு. தூங்கிக்கொண்டே போகலாம் என்று வந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆரம்பித்து வைத்தது ஒரு தாள். மலையேறும் சங்கத்தின் புதுச் செயலாளர், விபத்துக் காப்பீட்டுக்காக எல்லோருடைய பெயரையும் பிறந்த தேதியையும் அச்சடித்து, பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள் என்று பேருந்துக்குள் சுற்றுக்கு விட்டிருந்தார். முன்பெல்லாம் அது சங்கத்தை மலைக்கு நடத்திப் போகும் கேப்டன் குவாக்கின் சட்டைப்பைக் குறிப்பேட்டில் மட்டும் இருக்கும். மின்ஜா தன் பெயரைத் தேடப் போய், பக்கத்து வரியில் சுன்டொக்கின் பிறந்த வருஷத்தைப் பார்த்துவிட்டாள். கொரியாவில் எலி, மாடு, புலி என்று வரிசையாகப் பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் வருஷங்கள் சுழலும்.

சுன்டொக் தாளைப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தேகுவின் துணிச் சந்தையில் சுன்டொக்குக்குக் கம்பளிக் கடை. எதிர்க்கடை மின்ஜாவுடையது, காலுறை வியாபாரம். நடுவில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடக்க முடியாத ஒரு சந்து. மதியச் சாப்பாடு இந்தக் கடையில் ஒரு நாள், அந்தக் கடையில் ஒரு நாள். மாதத்தின் நாலாம் ஞாயிறு சந்தைக்கு விடுமுறை என்பதால், அன்றைக்கு இருவரும் சேர்ந்து சங்கத்தோடு மலைக்குப் போவார்கள். அக்கா முன்னால், தங்கை பின்னால்.

கேப்டன் குவாக் எழுந்து வந்தார். மின்சார வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். எழுபது வயது. மைக்கை அவர் கொடுக்கவில்லை, தானே பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா மின்ஜா, காகிதத்தை நம்பி யாராவது சண்டை போடுவாங்களா? காகிதப்படி எனக்கு அறுபத்தேழு. நிஜத்துல எழுபது. எனக்கு முன்னாடி பொறந்த ரெண்டு குழந்தை தங்கல. இதாவது பிழைக்குதான்னு பாத்துட்டு எழுதிக்கலாம்னு எங்கப்பா மூணு வருஷம் கழிச்சுத்தான் ஆபீஸுக்குப் போனாரு. அந்தக் காலத்துல யாரு பொறந்த அன்னிக்கே போய்ப் பதிஞ்சா?”

அவ்வளவுதான். பேருந்து முழுக்க இந்தக் கதையாகிவிட்டது.

“எங்க மாமியாருக்கு நாலு வருஷம் லேட்டு!”

“எங்கண்ணன் பள்ளிக்கூடத்துல சேந்தப்போ காகிதப்படி அவனுக்கு மூணு வயசு. வாத்தியாரு பாத்துட்டு, ‘மூணு வயசுக்கு மீசை நல்லா வந்திருக்கே’ன்னாரு.”

சிரிப்பு பின்சீட்டு வரைக்கும் உருண்டு போனது. மின்ஜாவின் முகம் மெல்ல மாறியது. அவள் குனிந்து சுன்டொக்கின் கண்ணுக்குள் பார்த்தாள்.

“அப்படியா அக்கா? உங்களுக்கும் லேட்டாத்தான் எழுதினாங்களா?”

சுன்டொக் ஜன்னல் பக்கம் திரும்பினாள். மூடுபனிக்குள் ஒரு சீமைப்பனிச்சை மரம், இலை ஒன்றுகூட இல்லாமல், பழம் மட்டும் ஆரஞ்சு விளக்குகளாகத் தொங்க, மிதந்து வந்து மிதந்து போனது.

“ம்” என்றாள்.

மின்ஜா கேப்டன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். “எல்லாரும் கேளுங்க. எனக்கு மூளை இல்ல. எங்க அக்காவைப் போய் சந்தேகப்பட்டுட்டேன். அக்கா, மன்னிச்சிடுங்க.” நாற்பத்திரண்டு பேருக்கு முன்னால், ஓடுகிற பேருந்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பு வரை வளைந்து வணங்கினாள். கைத்தட்டல். பிறகு சீட்டில் வந்து உட்கார்ந்து, தன் பங்கு ஆரஞ்சையும் உரித்து, நார் எல்லாம் எடுத்து, சுளை சுளையாக அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

சுன்டொக் ஜன்னலைப் பார்த்தபடியே ஒவ்வொரு சுளையாகத் தின்றாள்.

அவளுடைய பிறப்பு லேட்டாகப் பதியப்படவில்லை. அவள் பிறந்த நாலாம் நாள், அப்பா உரம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். போகிற வழியில் அலுவலகத்தில் ஏறி எழுதிவிட்டு வந்தார். “அஞ்சாவதும் பொண்ணு. இதுக்காகத் தனியா ஒரு நடை நடக்கணுமா?” என்றாராம். புலி வருஷம், இரண்டாம் மாதம். காகிதம் சொல்வதுதான் நிஜம்.

ஐந்து பெண்களில் கடைசி. வீட்டில் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் ‘அக்கா’. அக்கா, இந்தா தண்ணி. அக்கா, இதோ வர்றேன். பெரியக்கா, சின்னக்கா, நடு அக்கா. கல்யாணமாகிப் போன வீட்டிலும் கடைசி மருமகள். அவளை யாரும் ‘அக்கா’ என்று கூப்பிட்டதே இல்லை, ஐம்பது வயது வரைக்கும்.

புருஷன் போன பிறகு கம்பளிக் கடையைப் பிடித்து, தனியாக உட்கார்ந்திருந்த ஒரு மழைநாள். எதிரே பூட்டிக் கிடந்த கடையைத் திறந்துகொண்டு, தலை நனைந்து, காலுறை மூட்டையைத் தோளில் சுமந்து ஒருத்தி வந்தாள். வந்ததும் முதல் கேள்வி, “நீங்க என்ன வருஷம்?” யார் மூத்தவள் என்று தெரியாமல் அந்த ஊரில் அடுத்த வாக்கியத்தை ‘நீ’ என்று முடிப்பதா, ‘நீங்க’ என்று முடிப்பதா?

சுன்டொக் வாயைத் திறந்தாள். “எலி” என்று வந்தது. ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது, அவளுக்கே தெரியாது.

மின்ஜா மூட்டையைக் கீழே வைத்தாள். ஈரத் தலையோடு வணங்கினாள். “அப்ப நான் மாடு. உங்களைவிட ஒரு வருஷம் சின்னவ. அக்கான்னு கூப்பிடலாமா?”

பசித்த வயிற்றில் சூடான சூப் இறங்குகிற மாதிரி அந்தச் சொல் இறங்கியது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தாள். அந்த நாளை இன்னும் வரவில்லை.

---

சூவாங் மலையின் அடிவாரத்தில் பேருந்து நின்றபோது மூடுபனி பாதி விலகியிருந்தது. தெரு இரண்டு பக்கமும் ஆப்பிள். கூடை கூடையாக ஆப்பிள். அதன் வாசனையோடு அடை வேகிற எண்ணெய் வாசனை. கோவில் முற்றத்தில் ஒரு கின்க்கோ மரம் தன் மஞ்சளை எல்லாம் தரையில் கொட்டிவிட்டு நிம்மதியாக நின்றது. கோவிலுக்குப் பின்னால், விரித்த கை மாதிரி பெரும்பாறை. அதன் விரல்களுக்கு நடுவே பனி.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் பஸ்ல இருக்கணும்” என்று கேப்டன் கத்தினார். “போன தடவை மாதிரி மக்கொல்லிக் கள்ளுக்கடையில போய்த் தேட வைக்காதீங்க!”

“போன தடவை கடையில இருந்ததே நீங்கதான் கேப்டன்!”

மலைப்பாதை முழுக்க ஜனம். சிவப்பு, ஆரஞ்சு, குங்கும நிறத்தில் மலைச் சட்டைகள். தூரத்திலிருந்து பார்த்தால் எது இலை, எது ஆள் என்று தெரியவில்லை. காற்று அடித்தபோது இரண்டும் சேர்ந்து அசைந்தன. மேலே மூன்று அருவிகளில் விழுந்து வரும் ஓடை பாதையோடு கூடவே வந்தது. அதன் மேல் இலைகள் ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமில்லாமல், எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருந்தன.

மின்ஜா இன்றைக்குக் கூடுதல் அன்பாக இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

“அக்கா, பையை என்கிட்ட கொடுங்க. அக்கா, அந்தக் கல்லு வழுக்கும், இப்படி வாங்க. அக்கா, காலைல நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க.”

“நான் ஒண்ணும் வச்சுக்கல.”

“வச்சுக்கிட்டீங்க. முகம் காட்டுது. எனக்கு வாய் அப்படி. எங்கம்மாவே சொல்வாங்க, இவ வாய்க்குப் பூட்டு போட்டாச் சாவி தானா உடைஞ்சிடும்னு.”

அவள் கைப்பேசி அடித்தது. அன்று காலையிலிருந்து நாலாம் முறை. “என்னடா? கேஸ் சிலிண்டரா? மூடியை இடது பக்கம் திருப்பு. இடதுடா! உன் சோறு திங்கிற கை இல்ல, அந்தக் கை. அதுக்கும் அக்காதானா? வச்சிடு.” வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். “பெரிய தம்பிக்கு ஐம்பத்தஞ்சு வயசு ஆகுது. இன்னும் அக்கா அக்கான்னு… அவனுக்கு அப்புறம் இன்னும் மூணு இருக்கு.”

முதல் அருவிக்கு முன்னால் பாறைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. வானம் ஒரு நாடா அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த இடுக்கில் எல்லோர் குரலும் தணிந்தது. யாரும் சொல்லவில்லை, தானாகத் தணிந்தது. பாறைச் சுவரில் முளைத்த மேப்பிள் ஒன்று, வெயில் எங்கிருந்தோ எட்டித் தொட்டதில், உள்ளுக்குள் விளக்கு ஏற்றியது போல எரிந்தது. சுன்டொக் அதன் கீழே நடந்தபோது தன் கைகளைப் பார்த்தாள். கைகளும் சிவப்பு. மின்ஜாவின் கன்னமும் சிவப்பு. தான் எங்கோ தூங்கிக்கொண்டிருப்பதாகவும், இதெல்லாம் கம்பளிகளுக்கு நடுவே கடையில் மதியம் கண்ணயர்ந்த நேரத்துக் கனவு என்றும் தோன்றியது. கனவாக இருந்தால் எவ்வளவு நல்லது. எழுந்ததும் எதிர்க்கடையிலிருந்து, “அக்கா, சாப்பிட வாங்க” என்று கேட்கும்.

சும்மா இருந்துவிடலாம். கேப்டனே வழி போட்டுக் கொடுத்துவிட்டார். பேருந்தே நம்பிவிட்டது. ஒரு ‘ம்’ போதுமாக இருந்தது. இன்னும் இருபது வருஷத்துக்கு அந்த ‘ம்’ தாங்கும்.

ஆனால் மின்ஜா மைக்கோடு வளைந்து வணங்கியது கண்ணை விட்டுப் போகவில்லை. பதினோரு வருஷத்துப் பொய்யில் சுன்டொக் யாரையும் மன்னிப்புக் கேட்க வைத்ததில்லை. இன்றைக்கு வைத்துவிட்டாள்.

இரண்டாவது அருவிக்குப் பிரிகிற இடத்தில் கூட்டம் திரும்பிவிட்டது. அதிகம் பேர் முதல் அருவியோடு படம் பிடித்துக்கொண்டு ஆப்பிள் தெருவுக்கு இறங்குகிறவர்கள்தான்.

“மூணாவது வரைக்கும் போலாமா?” என்றாள் சுன்டொக்.

“முழங்கால் என்ன சொல்லுது அக்கா?”

“முழங்கால் கிடக்கட்டும்.”

---

மூன்றாவது அருவி இரண்டு படியாக விழுகிறது. மேல் படியில் விழுந்து, ஒரு பச்சைக் குளத்தில் சற்று நின்று, யோசித்துவிட்டு மறுபடி விழுகிற மாதிரி இருக்கும். ஓரத்துப் பாறையில் தண்ணீர் குடைந்த பொந்துகள். குளத்தில் சிவப்பு இலைகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சில, விளிம்பு வரைக்கும் வந்து, போகலாமா வேண்டாமா என்று நின்று, திரும்பவும் உள்ளே சுற்றப் போயின. சில போய்விட்டன.

சாரல் முகத்தில் பட்டது. சுன்டொக்குக்குக் குளிரவில்லை. அந்த இரைச்சல் உடம்பு முழுக்க நிரம்பி, உள்ளே இருந்த பேச்சை எல்லாம் வெளியே தள்ளியது.

“மின்ஜா, நான் லேட்டா பதியல.”

“என்ன?”

“லேட்டா பதியல!”

“ஒண்ணும் கேக்கல அக்கா! பசிக்குதா?”

“நான் புலி வருஷம்தான்! காகிதத்துல இருக்கிறதுதான் நிஜம்! உன்கிட்ட பொய் சொன்னேன்!”

மூன்று கால் கேமராவோடு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மின்ஜாவுக்கு இந்த முறை கேட்டுவிட்டது. அவள் கையில் பாதி பிரித்த கிம்பாப் சோற்றுச் சுருள் இருந்தது. அதை மறுபடி தகடுத் தாளில் சுற்றினாள். ஓரங்களை நிதானமாக மடித்தாள். சுன்டொக்கின் பையைத் தோளிலிருந்து கழற்றி, மரத்தளத்தின் மேல் வைத்தாள். பிறகு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

சுன்டொக் அங்கேயே நின்றாள். குளத்தில் ஒரு இலையைக் குறிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு சுற்று சுற்றியது. எட்டாவதில் எது அது என்று தெரியாமல் போய்விட்டது.

திரும்பும் வழி அதே வழிதான். ஆனால் வெளிச்சம் பக்கம் மாறியிருந்தது. காலையில் இருட்டாக இருந்த மரங்கள் இப்போது எரிந்தன. காலையில் எரிந்தவை அணைந்திருந்தன. இலைகள் சத்தமில்லாமல் இறங்கி, தோளில், தொப்பியில், பாதையில் போகிற முன்பின் தெரியாதவர்களின் முதுகில் உட்கார்ந்தன. சுன்டொக்குக்கு முன்னால் நாலு பெண்கள் போவது போல இருந்தது. பெரியக்கா, சின்னக்கா, நடு அக்கா, அடுத்தவள். எல்லோரும் இளமையாக, பின்னல் போட்டுக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல். இரண்டு பேர் உயிரோடு இல்லை. ஒருத்தி பூசானில். ஒருத்தி முதியோர் மருத்துவமனையில், போன மாதம் பார்க்கப் போனபோது, “நீங்க யாரு, அக்கா?” என்று இவளிடமே கேட்டாள். வளைவில் திரும்பியதும் முன்னால் யாருமில்லை. பாதை காலியாக, சிவப்பாகக் கிடந்தது.

ஆப்பிள் தெருவின் மூன்றாவது கடையில் மின்ஜா உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு மண் ஜாடி மக்கொல்லி, ஒரு தட்டு வெங்காயத்தாள் அடை. கிண்ணம் இரண்டு. எதிர்ப்பக்கக் கிண்ணம் காலி.

“உக்காரு” என்றாள்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ‘உக்காரு’. சுன்டொக் நின்றுகொண்டே, “நீங்க சாப்பிடுங்க…” என்று ஆரம்பித்தாள்.

“என்ன நீங்க? கேக்கவே வயித்தைப் பிரட்டுது. உக்காருடி.”

உட்கார்ந்தாள். ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி, பெரியவர்களுக்கு ஊற்றுகிற மாதிரி, மின்ஜாவின் கிண்ணத்தில் ஊற்றினாள்.

“அடேயப்பா. ரெண்டு கையா! இவ்வளவு மரியாதை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?” மின்ஜா ஒரே மூச்சில் குடித்தாள். “புலி வருஷத்துல பொறந்துட்டு எலின்னு சொல்லிக்கிட்டவ இந்த நாட்டுலயே நீ ஒருத்தியாத்தான் இருப்பே. சொல்றதுதான் சொன்னே, ஒரு டிராகன்னு சொல்லியிருக்கக் கூடாது?”

சுன்டொக் ஜாடியைக் கீழே வைத்தாள்.

“ஏன் சொன்னே?”

“என்னை யாருமே அப்படிக் கூப்பிட்டதில்ல.”

“எப்படி?”

“அக்கான்னு.”

“அதுக்காகவா?”

“அதுக்காகத்தான்.”

மின்ஜா அடையைக் குச்சியால் கிழித்தாள். தேவைக்கு மேல் சின்னத் துண்டாகக் கிழித்துக்கொண்டே போனாள். “பதினோரு வருஷம் உங்க வீட்டு கிம்ச்சி ஊறுகாய்க்கு நான்தான் குத்தவச்சு உக்காந்து நூறு கோஸ் உப்புப் போட்டேன். நீ நாற்காலியில உக்காந்து ஒரு இலையைக் கிள்ளி வாயில போட்டு, ‘உப்பு பத்தல’ன்னு சொன்னே. என் இடுப்பு போனது யாரால?”

“என்னாலதான்.”

“எங்கம்மா செத்தப்போ மூணு நாளும் சாவு மண்டபத்துல வந்தவங்களுக்கெல்லாம் நின்னுக்கிட்டே கறிச்சூப் ஊத்தினே. கை வீங்கிடுச்சு. ‘அழு, சூப்பை நான் பாத்துக்கறேன்’ன்னே. அது எலியா, புலியா?”

சுன்டொக் மின்ஜாவின் கிண்ணத்தை மறுபடி நிரப்பினாள்.

“காலைல என்னை நாப்பத்திரண்டு பேர் முன்னாடி மன்னிப்புக் கேக்க வச்சே. அதுக்குத்தான் எனக்குக் கோபம். மத்தது எல்லாம் அப்புறம். பஸ்ல ஏறினதும் மைக்கை வாங்கி எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்.”

“சொல்லு” என்றாள் சுன்டொக். பிறகு திருத்திக்கொண்டாள். “சொல்லுங்க.”

கடைக்காரி வெளியே போட்டிருந்த ஆப்பிளில் இரண்டு எடுத்து, சுன்டொக் கத்தி கேட்டு வாங்கி, தோல் அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவினாள். எட்டாக வெட்டி, விதை எடுத்து, தட்டை மின்ஜா பக்கம் நகர்த்தினாள். எப்போதும் சீவுகிறவள் மின்ஜா. மின்ஜா ஒரு துண்டை எடுத்தாள். “தடிமனா சீவறே” என்று மட்டும் சொன்னாள்.

---

மலைப்பாதை முடிகிற இடத்தில், காலணித் தூசியை ஊதுவதற்குக் காற்றுக் குழாய்கள் வரிசையாகத் தொங்கும். அங்கே எப்போதும் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு மலையிலும் மின்ஜாதான் குழாயை எடுத்து, முதலில் அக்காவின் காலணியை ஊதிவிட்டு, பிறகு தன்னுடையதை ஊதுவாள். அது யாரும் சொல்லாமல் நடக்கிற காரியம்.

இன்றைக்கு சுன்டொக் முந்திக்கொண்டாள். குழாயை எடுத்து, வலிக்கிற முழங்காலை மடக்கி, மின்ஜாவின் காலடியில் குனிந்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது. மின்ஜாவின் காலணியிலிருந்து செம்மண்ணும் ஒட்டியிருந்த சிவப்பு இலைத் துணுக்குகளும் பறந்தன.

கேப்டன் குவாக் பார்த்துவிட்டார். “என்ன அதிசயம் இது? அக்கா தங்கச்சிக்கு ஷூ துடைக்கிறாங்க! காலைச் சண்டை இன்னும் முடியலையா? மின்ஜா, நிஜத்தைச் சொல்லு. யாரு மூத்தவ?”

பத்துப் பதினைந்து பேர் திரும்பினார்கள். புதுச் செயலாளரின் கையில் அந்தத் தாள் இருந்தது. சுன்டொக் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தால் மின்ஜாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். குழாயிலிருந்து காற்று வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு மூன்றாவது அருவி மாதிரிக் கேட்டது, ரொம்பத் தூரத்திலிருந்து.

மின்ஜாவின் கை வந்து குழாயைப் பிடுங்கியது.

“மலைக்காத்து தலைக்கேறிடுச்சு எங்க அக்காவுக்கு” என்றாள் எல்லோரையும் பார்த்து. “கேப்டன், நீங்க எழுபதா அறுபத்தேழான்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அப்புறம் எங்க கணக்குக்கு வாங்க. அக்கா, எந்திரிங்க. காலைக் காட்டுங்க.”

சுன்டொக் எழுந்தாள். இடது காலை நீட்டினாள். பிறகு வலது கால். மின்ஜா குனிந்து, பின்னங்கால் தையல் வரைக்கும் விடாமல் ஊதினாள். கொஞ்சம் பலமாகவே ஊதினாள். பேன்ட்டுக்குள்ளே குளிர்ந்த காற்று முழங்கால் வரை ஏறியது.

---

பேருந்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள். மலைகள் ஜன்னலுக்கு வெளியே நிறம் விட்டு, நீலமாகி, பிறகு வெறும் கோடாகிப் போயின. அநேகம் பேர் தூங்கிவிட்டார்கள். சுன்டொக் கண்ணை மூடியிருந்தாள். மூடிய கண்ணுக்குள் இலைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

காதுக்குப் பக்கத்தில் மின்ஜாவின் குரல்.

“தூங்கிட்டியா?”

“இல்ல… நீங்க ஏன் சொல்லல?”

“யோசிச்சுப் பாத்தேன். சொன்னா என்ன ஆகும்? நீ என்னை அக்கான்னு கூப்பிடணும். எங்க வீட்டுல ஏற்கெனவே நாலு பேர் கூப்பிடறாங்க. சிலிண்டருக்கு அக்கா, பத்திரத்துக்கு அக்கா, பொண்டாட்டி சண்டைக்கு அக்கா. அஞ்சாவதா நீயா? வேணாம்மா. இருக்கிறது போதும்.” குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும் ஒருத்தி வேணும்ல.”

சுன்டொக் இருட்டில் அவள் கையைத் தேடினாள். மின்ஜா கையைக் கொடுத்தாள், ஆனால் இறுக்கிப் பிடிக்கவில்லை.

“கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதே. இந்த வருஷம் கிம்ச்சிக்கு நீ குத்தவச்சு உக்காந்து உப்புப் போடறே. நூறு கோஸ். நான் நாற்காலியில உக்காந்து உப்பு பத்தலன்னு சொல்வேன்.”

“சரி.”

“பத்தினாலும் பத்தலன்னுதான் சொல்வேன்.”

“சரிங்க.”

“அந்த ‘ங்க’வை விடுடி. காது கூசுது.”

மின்ஜாவின் கைப்பேசி ஒளிர்ந்தது. தம்பி. அவள் பார்த்தாள். எடுக்காமல், திரையைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, சுன்டொக்கின் தோளில் தலையைச் சாய்த்தாள். சாய்ந்த நிமிஷமே குறட்டை. அவள் முடியில் ஒரு மேப்பிள் இலை சிக்கியிருந்தது. ஐந்து விரலும் விரிந்த சின்ன இலை. எடுத்தால் எழுந்துவிடுவாளோ என்று சுன்டொக் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

நவம்பர் கடைசியில் நூறு கோஸுக்கும் சுன்டொக்தான் உப்புப் போட்டாள். மின்ஜா நாற்காலியில் உட்கார்ந்து, பத்தல என்றாள். சந்தையிலும் சங்கத்திலும் இன்றைக்கும் சுன்டொக்தான் அக்கா. ஆனால் கடையைப் பூட்டிய பிறகு, சந்தில் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. ஒருத்தி ‘நீங்க’ என்கிறாள், இன்னொருத்தி திட்டுகிறாள், பெயரைச் சொல்லிக் கூப்பிட இரண்டு பேருக்கும் நாக்கு வரவில்லை. வெறுமனே “ஏய்” என்று ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் படித்த நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் எப்படிக் கூப்பிட்டுக்கொள்ளலாம்? சுன்டொக் அருவியில் வாயைத் திறந்தது சரிதானா, அந்த ‘ம்’மோடு விட்டிருக்கலாமா? உங்களுக்குத் தோன்றுவதைக் கீழே இரண்டு வரி எழுதுங்கள்.